அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டைப்பிங் கடை: அப்பா வழிக் குடியுரிமைக்குப் பேப்பர் சேர்ப்பவர்கள் முதலில் இங்கே போங்கள்

கடைக்குப் பெயர் கிடையாது. ‘ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன்’ என்று நீலப் பெயின்டில் எழுதிய தகரம் ஒன்று தொங்கும், அவ்வளவுதான். மதுரை கலெக்டர் ஆபீஸைச் சுற்றி இப்படி எத்தனையோ கடைகள் இருக்கின்றன. வாசலில் கல் பெஞ்சு போட்டு, உள்ளே ஒரு அக்கா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டபடி உட்கார்ந்திருந்தால் அதுதான் இந்தக் கடை. போன் நம்பரை எழுதிப் போடட்டுமா என்று கேட்டேன். “வேணாந்த்தா, நேர்ல வரட்டும், பேப்பரப் பாக்காம நான் போன்ல என்னத்தச் சொல்றது” என்றார். அதனால் எழுதவில்லை.

எதற்காகப் போனேன் என்று சொன்னால்தான் இந்த ரிவ்யூ புரியும். 2024 ஜனவரி கடைசியில் எனக்கு மகள் பிறந்தாள். தலைப்பிரசவம், அதனால் நரிமேட்டில் அம்மா வீட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அமெரிக்கக் குடிமகன், நான் இந்தியக் குடிமகள், என்னுடைய விசா இன்னும் வரவில்லை. நமக்கு இவள் மதுரையில் பிறந்த பிள்ளை. அமெரிக்கச் சட்டத்துக்கோ இவள் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, அப்பா வழியாகக் குடியுரிமை உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய பிள்ளை. இந்தக் கணக்கு இவ்வளவு நுணுக்கமானது என்று பிரசவத்துக்கு முன்பு எங்களுக்குத் தெரியாது. அப்பா அமெரிக்கர் என்றால் பிள்ளையும் அமெரிக்கர்தானே என்று இருந்துவிட்டோம்.

முதலில் போனது இந்தக் கடைக்கு இல்லை. ஊருக்குள் ஏசி போட்டு நடத்தும் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். ஆலோசனைக்கு மட்டும் 6,000 ரூபாய் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் அமெரிக்காவில் எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று கேட்டார்கள். 2021 பிப்ரவரியிலிருந்து என்றோம். “ஐந்து வருடம் வேண்டும் சார், உங்களுக்கு மூன்று கூட ஆகவில்லை, குழந்தைக்கு நேரடியாகக் கிடைக்காது” என்று சொல்லிவிட்டு இரண்டு வழி காட்டினார்கள். ஒன்று, குழந்தைக்கும் தனியாக மனு போட்டுக் குடியேற்ற விசாவுக்குக் காத்திருப்பது, அதற்கு அவர்களுடைய கட்டணம் 85,000. இன்னொன்று, அவர் திரும்பிப் போய் இன்னும் இரண்டு வருடம் இருந்து ஐந்தை முடித்துக்கொண்டு அப்புறம் விண்ணப்பிப்பது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுதேன். பிரசவம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு மார்ச் நடுவில் லீவு முடிகிறது, அதற்குள் எதுவும் நடக்காது என்றால் பிள்ளையின் முதல் வருடம் முழுக்க அப்பா ஒரு கண்டத்திலும் பிள்ளை ஒரு கண்டத்திலும் இருக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

இந்தக் கடையைச் சொன்னது என் சித்தப்பா. அவர் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் பிள்ளைக்குப் பேப்பர் எல்லாம் இங்கேதான் டைப் அடித்தார்களாம். எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் அவரும் அத்தையும் போனோம். அத்தை என்றால் என் மாமியார், திருமங்கலத்தில் இருக்கிறார். அவர் வந்தது தற்செயல்தான், கலெக்டர் ஆபீஸில் அவருக்கு வேறு வேலை இருந்தது.

அக்கா நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவரைப் பார்த்து, “தம்பி, நீங்க எங்கன பொறந்தீங்க?” என்றார். டெக்சாஸ் என்றார். “பொறந்து எத்தன மாசம் அங்கிட்டு இருந்தீங்க?”

இந்தக் கேள்வியை அந்த 6,000 ரூபாய்க்காரர்கள் கேட்கவே இல்லை.

எங்கள் மாமா, அதாவது என் மாமனார், ஆராய்ச்சிப் படிப்புக்காக டெக்சாஸ் போனவர். 1990 செப்டம்பரில் அங்கே இவர் பிறந்தார். அமெரிக்க மண்ணில் பிறந்ததால் பிறப்பிலேயே குடியுரிமை வந்துவிட்டது. 1993 ஜூனில் மாமாவின் படிப்பு முடிந்து எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அதன்பிறகு பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் மதுரையில்தான். அந்த இரண்டே முக்கால் வருடத்தை எங்கள் வீட்டில் யாரும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டதில்லை, அவருக்கே அங்கே இருந்த ஞாபகம் எதுவும் கிடையாது.

அக்கா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பி, அமெரிக்க வெளியுறவுத் துறையின் தளத்தைத் திறந்து என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். கல்யாணமான பெற்றோர், ஒருவர் அமெரிக்கக் குடிமகன், மற்றவர் வெளிநாட்டவர், பிள்ளை பிறந்தது 1986 நவம்பர் 14 அன்றோ அதற்குப் பிறகோ என்றால், குடிமகனாக இருக்கும் அப்பாவோ அம்மாவோ அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்பு மொத்தம் 5 வருடம் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 2 வருடமாவது அவருக்கு 14 வயது முடிந்தபிறகு இருந்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. ஐந்தும் வேலை பார்த்த வருடமாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. தொட்டிலில் கிடந்த மாதமும் மாதம்தான். படிக்கப் போய், வேலைக்குப் போய், பின்னால் குடியுரிமை வாங்கியவர்களுக்கு, குடியுரிமைக்கு முந்தைய வருடங்களும் இதில் சேரும். (கல்யாணம் ஆகாத பெற்றோருக்கு விதி வேறு. பெற்றோர் இருவருமே அமெரிக்கர்கள் என்றால் இந்த ஐந்து வருடக் கணக்கே வேண்டாம், அவர்களில் ஒருவர் பிள்ளை பிறப்பதற்கு முன்பு அங்கே வசித்திருந்தாலே போதும்.)

அப்புறம் அக்கா சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கணக்கு பிள்ளை பிறந்த அன்றோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு அப்பா பத்து வருடம் அங்கே இருந்தாலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கூட ஏறாது. அப்படியென்றால் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வாருங்கள் என்று எங்களுக்குச் சொன்ன யோசனையால் ஒரு பயனும் இருந்திருக்காது. இரண்டு வருடம் பிரிந்து இருந்துவிட்டு, அதன்பிறகு தூதரகத்தில் போய் நின்று தெரிந்துகொண்டிருப்போம். அவர்கள் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. விதியைப் பாதி படித்திருக்கிறார்கள், அந்தப் பாதிக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, இருந்தது உண்மைதான், அதற்குச் சான்று? முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு கைக்குழந்தை டெக்சாஸில் இருந்தது என்று எப்படிக் காட்டுவது? அக்கா இப்போது அத்தையைப் பார்த்தார். “பிள்ளைக்குத் தடுப்பூசி எங்கம்மா போட்டீங்க?” அத்தை உடனே, “அங்கதான், அட்டை என்கிட்ட இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலமே திருமங்கலம் போனோம். கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி. திறந்ததும் பாச்சை உருண்டை வாசம். மேலே மாமாவின் பட்டமளிப்பு அங்கி, அடியில் ஒரு பழைய ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் அந்த அட்டை. மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது, அந்த டேப்பும் பழுத்துத் தேன் நிறமாகிவிட்டது. முதல் வரியில் 1990 நவம்பர், இரண்டாம் மாத ஊசி. கீழே நான்காம் மாதம், ஆறாம் மாதம், பதினைந்தாம் மாதம், ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் நர்ஸின் சுருக்கக் கையெழுத்தும், கிளினிக்கின் ரப்பர் ஸ்டாம்பும். ஒரு ஓரத்தில் தமிழில் ‘ராத்திரி காய்ச்சல்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. மாமாவின் கையெழுத்து. மாமா இப்போது இல்லை. அத்தை அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அதே பையில் இவருடைய முதல் பாஸ்போர்ட்டும் இருந்தது, கைக்குழந்தைப் படத்தோடு. வீட்டு வாடகை ரசீதுகள் கொஞ்சம், குழந்தைகள் காப்பகத்துக்குப் பணம் கட்டிய சீட்டு நாலைந்து. பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இதை எல்லாம் வைத்திருந்ததற்காக அத்தையைக் கும்பிடலாம்.

மறுநாள் கடையில் அக்கா அத்தனையையும் மேசையில் தேதி வாரியாகப் பரப்பினார். பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். 1992இல் மெட்ராஸ் ஏர்போர்ட்டில் இறங்கிய முத்திரை ஒன்று, ஏழு வாரம் கழித்துத் திரும்பிய முத்திரை ஒன்று. அத்தை மறந்தே போயிருந்தார். அவருடைய அப்பா தவறியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்த பயணம் அது. அந்த ஏழு வாரத்தைக் கழிக்க வேண்டும் என்றார் அக்கா. என் வீட்டுக்காரர், இவ்வளவு பழைய விஷயத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. “தம்பி, ஆபீசர் முன்னாடி கைய ஒசத்திச் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப் போறீங்க. வாங்குறது உங்க மகளுக்கு. இருந்தத இருந்தபடி எழுதுங்க, கழிச்சாலும் பத்தும்.”

பத்தத்தான் செய்தது. 1990 செப்டம்பர் முதல் 1993 ஜூன் வரை 33 மாதம், ஏழு வாரம் போக 31 மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. 2021 பிப்ரவரி முதல் பிள்ளை பிறந்த நாள் வரை 35 மாதத்துக்குச் சற்றுக் கூட. அதில் 2022 ஆவணியில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஆறு வாரமும், 2023 சித்திரைத் திருவிழாவுக்கு வந்த ஒரு மாதமும், பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக வந்ததும் கழிந்தால் 32 மாதம். 14 வயதுக்குப் பிறகு 24 மாதம் வேண்டிய இடத்தில் 32 இருக்கிறது. மொத்தம் 60 வேண்டிய இடத்தில் 63 இருக்கிறது. மூன்று மாதம்தான் மிச்சம். அந்த டெக்சாஸ் மாதங்கள் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

பெரியவரானபிறகு அங்கே இருந்ததற்குச் சான்று சேர்ப்பது இவ்வளவு கஷ்டமில்லை. சம்பளச் சீட்டு, வருட வரிப் படிவங்கள், வீட்டு வாடகை ஒப்பந்தம். இந்தியா வந்து போன தேதிகளுக்கு அவர் பாஸ்போர்ட்டில் நம் குடிவரவு முத்திரை இருக்கிறது. சித்திரைத் திருவிழா சமயத்தில் இருவரும் மாசி வீதியில் தேர்க் கூட்டத்தில் எடுத்த போட்டோ ஒன்றையும் அக்கா சேர்க்கச் சொன்னார். பிள்ளை உருவான காலத்தில் தாயும் தகப்பனும் ஒரே ஊரில் இருந்தார்கள் என்று காட்டக் கேட்கலாம் என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, கர்ப்பகாலத்தில் நர்சம்மா கொடுத்த அட்டை எல்லாமே வரிசையில் போனது.

இப்போது பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்று அக்கா சொன்னார், எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் விவரம் கேட்ட தாளில் என் தம்பி, கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி, ஒற்றை எழுத்து இனிஷியலோடு அப்பா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டான். பிறப்புச் சான்றிதழில் அப்படியே வந்துவிட்டது. அவருடைய அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இனிஷியலே கிடையாது, மாமாவின் பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. என் பெயர் ஆதாரில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம். ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். பேப்பரை மட்டும் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அக்கா எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே மாற்றவைத்தார். பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரைத் திருத்த உறுதிமொழிப் பத்திரமும் விண்ணப்பமும் டைப் அடித்துக் கொடுத்தார். கையோடு பிள்ளைக்கும் பெயரை முடிவு செய்யச் சொன்னார். நம் ஊரில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் மூன்றாம் மாதம் பெயர் சூட்டலாம் என்று இருந்தோம். அது நடக்காது, பிறப்புச் சான்றிதழ், தூதரகப் பதிவு (வெளிநாட்டில் பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகள் என்று தூதரகம் பதிந்து தருவது), பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்தில் வர வேண்டும் என்றார். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடுவதா, தாத்தா பெயரையா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. கடைசியில் நம் வழக்கப்படி அப்பா பெயரையே போட்டோம். கல்யாணத்தை, நடந்த 90 நாளுக்குள்ளேயே சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்து வைத்திருந்தது இங்கே உதவியது, அந்தச் சான்றிதழையும் கேட்கிறார்கள்.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று: தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் பிக்மி எண்ணை (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்ததற்குத் தரும் எண்) வாங்கி வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்பார்கள்.

பாஸ்போர்ட் போட்டோவையும் அக்காவே எடுத்தார். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, நிழல் விழக் கூடாது, பிடித்திருக்கிறவர் கை தெரியக் கூடாது. ஐந்து வாரப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? மேசையைத் துடைத்து, துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, பிள்ளையை அதில் கிடத்தி, ஸ்டூல்மேல் ஏறி நின்று மேலிருந்து எடுத்தார். பத்துப் பதினைந்து எடுத்ததில் ஒன்றில் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தாள். அந்தப் படம்தான் இப்போது அவள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

நான் பெஞ்சில் காத்திருந்த ஒரு நாள் மேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். மகன் குவைத்தில், அங்கேயே பேத்தி பிறந்து எட்டு மாதம். லீவில் ஊருக்கு வந்து எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்கிறானாம். அக்கா அவரை உட்கார வைத்து எடுத்துச் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் பிறந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது, நம் குடியுரிமை அப்பா அம்மா வழியாகத்தான் வர வேண்டும். 1955ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தில், 1992 டிசம்பர் 10க்கு முன்பு வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் உண்டு. அதன்பிறகு அப்பா அம்மா யாராவது ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்று ஆனது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவும் தானாக வராது. பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். “அய்யா, இன்னும் நாலு மாசந்தான் இருக்கு, இன்னைக்கு ராத்திரியே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க, இங்க வந்து பாக்குற வேல இல்ல இது” என்றார். ஒரு துண்டுத் தாளில் தமிழில் வரிசையாக எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பதிவுக்கு 100 டாலரும் பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு 135 டாலரும் ஆனது. மார்ச் முதல் வாரத்தில் சென்னையில் நேரம் கிடைத்தது. பிள்ளையும் நேரில் வர வேண்டும், 16 வயதுக்குக் கீழே என்றால் பாஸ்போர்ட்டுக்குத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய், எழும்பூரில் இறங்கி, குளித்துவிட்டு அண்ணா சாலையில் ஜெமினி பாலத்துக்குப் பக்கத்திலுள்ள துணைத் தூதரகத்துக்குப் போனோம். போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று அக்கா முன்பே சொல்லியிருந்ததால் தம்பியைக் கூடக் கூட்டிப்போய் அவனிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனோம்.

அக்கா பேப்பரை மூன்று கட்டாகக் கட்டியிருந்தார். பிள்ளை பிறப்பு, பெற்றோர் உறவு, அமெரிக்காவில் இருந்த நாட்கள். மூன்றாவது கட்டின் மேலே ஒரே ஒரு தாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே, அதற்குச் சான்று எந்தப் பக்கத்தில் என்று. அதிகாரி அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்தார். தடுப்பூசி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். 1992 பயணம் எதற்கு என்று கேட்டார், தாத்தா இறந்ததற்கு என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதையும் கழித்துத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று அவரே சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். அப்போது எனக்கு அக்காவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. சத்தியம் செய்யச் சொன்னார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அசல்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது. மூன்று வாரத்தில் பதிவுச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் கைக்கு வந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பலரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தச் சான்றிதழ் குடியுரிமை கொடுப்பதில்லை. நிபந்தனை நிறைவேறியிருந்தால் பிள்ளை பிறந்த நிமிடமே குடிமகள், சான்றிதழ் அதைப் பதிந்து தருகிறது. ஆனாலும் 18 வயதுக்குள் விண்ணப்பித்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும், தள்ளிப் போடாதீர்கள். உண்மையிலேயே ஐந்து வருடம் தேறாதவர்களுக்குத்தான் குடியேற்ற விசா வழி. அப்படிப் போய், 18 வயதுக்குள் நிரந்தரக் குடியிருப்போடு குடிமகனான தகப்பனோடோ தாயோடோ அங்கே வாழ்ந்தால், 2000ஆம் வருடம் வந்த சட்டப்படி குடியுரிமை தானாக வந்துவிடும். அதுவும் நல்ல வழிதான், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அக்கா இன்னொன்றையும் முன்னாலேயே யோசிக்கச் சொன்னார். நான் இந்தியர் என்பதாலும் பிள்ளை இங்கே பிறந்ததாலும் நம் சட்டத்திலும் அவளுக்கு உரிமை உண்டு, ஆனால் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் தராது. எது வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள், எனக்காக எதையும் செய்யாதீர்கள் என்றார். அமெரிக்கப் பாஸ்போர்ட்டை எடுத்தபிறகு, இங்கே பிறந்த பிள்ளை அதில் நாட்டை விட்டு வெளியே போக, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் அனுமதி வாங்க வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே அதை ஆரம்பியுங்கள். பின்னால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். என் விசா வந்தபிறகுதான் நானும் பிள்ளையும் கிளம்புவோம், அதனால் அந்த இரண்டும் இன்னும் பாக்கி.

செலவு. டைப்பிங், ஜெராக்ஸ், போட்டோ, நான்கு நாள் எங்களோடு உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். கூகுள் பே உண்டு. கூடக் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

குறைகளும் இருக்கின்றன. வேகம் கிடையாது. நம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் கேட்டு வருவார், அதை முடித்துவிட்டுத்தான் நம்மிடம் திரும்புவார். கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். சின்ன இடம், கைக்குழந்தையோடு போனால் வெக்கை தாங்காது, நான் எதிர்த்த மரத்தடியில் நின்று பால் கொடுத்தேன். அவர் வக்கீல் இல்லை, அதை முதல் நாளே சொல்லிவிடுவார். கிடைக்கும் என்று ஒரு தடவை கூட எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. சிக்கலான விஷயம், முன்னால் ஒரு தடவை மறுத்துவிட்டார்கள், பெற்றோர் பிரிந்திருக்கிறார்கள் என்றெல்லாம் இருந்தால் வக்கீலைத்தான் பாருங்கள், இங்கே பேப்பரை வரிசைப்படுத்தி வாங்கிக்கொள்ளலாம்.

மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை அடைத்திருக்கும். திங்கட்கிழமை மனு நாள் என்பதால் கூட்டம் நெரியும், சனிக்கிழமை காலையில் போங்கள். அசல் எதையும் விட்டுவிட்டு வரத் தேவையில்லை, அவரே கையில் திருப்பிக் கொடுத்து எண்ணச் சொல்வார். பிள்ளையின் அப்பாவையோ அம்மாவையோ வளர்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். அக்கா கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவர்களிடம்தான் பதில் இருக்கும்.